முன்வரிசையில் ஒரு செங்கல்

எங்கள் தெருக் குழாயடியில் ஓர் அரைச் செங்கல்லுக்கு இருந்த மரியாதை வார்டு கவுன்சிலருக்குக்கூட இருந்ததில்லை. கவுன்சிலர் வந்தால் யாரும் நகர்ந்து வழிவிட மாட்டார்கள். அந்தச் செங்கல்லை ஒரு விரற்கடை நகர்த்த யாருக்கும் தைரியம் வராது. அது மதினி வைத்த கல்.

எனக்கு மட்டுமல்ல, தெருவுக்கே அவர் மதினி. பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த அவர் வீட்டுக்காரரே சில நேரம் வாய் தவறி "மதினி" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். நான் சோழவந்தான் பக்கத்துப் பெண். வீட்டுக் கொல்லையில் வாய்க்கால் ஓடும். அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லுக்குக் கட்டிக்கொண்டு வந்தபோது, தண்ணீருக்கு வரிசை என்று ஒன்று உண்டு என்பதே எனக்குத் தெரியாது. இங்கே குடம்தான் ஆள். குடத்தைக் குழாயடியில் விட்டுவைக்க முடியாதென்றால் ஒரு கல், ஓர் ஓட்டைச் சட்டி, எதுவானாலும் சரி. அதை வைத்துவிட்டுப் போய் உலை வைக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம். திரும்பி வரும்போது இடம் அப்படியே இருக்கும். ஆள் வந்ததும் கல்லை எடுத்துவிட வேண்டும். இவ்வளவுதான் சட்டம்.

மற்றவர்கள் தங்களுக்காகக் கல் வைப்பார்கள். மதினியின் கல் எப்போதும் வேறு யாருக்காகவோ இருக்கும். காய்ச்சலில் கிடப்பவளுக்கு, பச்சைப் பிள்ளைக்காரிக்கு, அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டிப் போனவன் பெண்டாட்டிக்கு. அவர்கள் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "யாருக்கு மதினி இந்த இடம்?" என்று கேட்டால், "வருவா, வருவா" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை.

அதற்காக யாரையும் நடுவில் விட்டுவிடுவார் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். வடமதுரையிலிருந்து வந்த சொந்த நாத்தனார் ஒருநாள் உரிமையோடு குடத்தை நடுவில் சொருகினார். மதினி அதை எடுத்துக் கடைசியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். நாத்தனார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறிவிட்டார். "வெஞ்சனத்துக்குக் கத்திரிக்கா வதக்கி வச்சிருந்தேன், குடுத்து வைக்கல அவளுக்கு" என்று மதினி அந்தப் பொரியலை எனக்குப் போட்டார்.

பஸ்ஸிலும் இதே கூத்துதான். மதுரை பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாக அவர் பை உள்ளே போயிருக்கும். ஒருமுறை சின்னாளப்பட்டி வரை ஒரு முழு சீட்டைக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்று காலியாகவே வைத்துக்கொண்டு வந்தார். போன வாரம் அந்த நிறுத்தத்தில் இடுப்பில் பிள்ளையும் தலையில் சேலை மூட்டையுமாக ஒருத்தி ஏறி மதுரை வரை நின்றுகொண்டே வந்தாளாம். சின்னாளப்பட்டியில் அவள் இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. மதினி வாய்விட்டுச் சிரித்தார். "இன்னைக்கு லீவு போட்டுட்டா போலருக்கு புள்ள!" என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

இப்படிப்பட்ட மதினி இருந்த ஊருக்குத்தான் அந்தச் சென்னை மெல்லிசைக் குழு வந்தது.

இன்றைக்குச் சொன்னால் யாருக்கும் புரியாது. அப்போது அந்தக் குழு என்றால் எங்களுக்குப் பைத்தியம். கடல் கடந்துபோய்ப் பாடிவிட்டு வந்தவர்கள். பத்திரிகையில் அவர்கள் படம் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வோம். முனை ஓட்டல் ரேடியோவில் அவர்கள் பாட்டு வந்தால் நான் அடுப்பில் இருப்பதை மறந்துவிடுவேன். எத்தனை நாள் பருப்பு தீய்ந்திருக்கிறது என்பதை என் வீட்டுக்காரர் கடைசி வரை சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவர்கள் எங்கள் பொருட்காட்சி மைதானத்தில், சாயங்காலம் ஆறு மணிக்கு! மேடைக்கு முன்னால் வலப்பக்கம் நாற்காலி, அதற்கு டிக்கெட். இடப்பக்கம் தரை. தரை பெண்களுக்கு இலவசம். போஸ்டரைப் பார்த்த அன்று நான் தெருவில் ஓடியே வந்தேன், கட்டிக்கொடுத்த பெண் என்பதெல்லாம் நினைப்பில் இல்லை.

போஸ்டரின் ஓரத்தில், மைக்குக்குப் பின்னால், சிறியதாக ஒரு பெண் முகம் இருந்தது. அது ஸ்டெல்லா. எங்கள் தெருப் பெண்.

மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பாடிக்கொண்டிருந்தவள். நர்சுக்குப் படிக்கச் சென்னைக்குப் போனாள். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்தக் குழுவில் சேர்ந்துவிட்டாள். அவள் அம்மா தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துப் பிழைத்தவர். வீட்டுக்காரர் இல்லை, ஒரே மகள். அதுவரை தெரு அவரை ஸ்டெல்லாம்மா என்றுதான் கூப்பிட்டது. "இனிமே அந்தப் பேரச் சொல்லி என்னையக் கூப்பிடாதீக" என்று அவர் ஒருநாள் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மிஷின்காரம்மா ஆனார். போஸ்டர் ஒட்டிய சுவரைத் தாண்டும்போதெல்லாம் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தார்.

கச்சேரி அன்று காலை குழுவினர் லாட்ஜில் வந்து இறங்கிய செய்தி பரவியது. மதினி புடவையை மாற்றிக்கொண்டு நேரே லாட்ஜுக்கே போய்விட்டார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

"பாத்தீகளா மதினி? எப்புடி இருக்கா?"

"நல்லா இருக்கா. மெலிஞ்சிட்டா. என் கையப் புடிச்சிக்கிட்டா புள்ள. ஊரப் பத்தி, தெருவப் பத்தி ஒண்ணும் கேக்கல. அம்மா வருமான்னு அது ஒண்ணத்தான் கேட்டா."

"நீங்க என்ன சொன்னீக?"

"முன்வரிசையில ஒரு இடம் போட்டு வைக்கிறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவுக வர மாட்டாகளே!"

"இடம் போடுறதுதான் நம்ம வேல. வாடி" என்று மிஷின்காரம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அந்த அம்மா மிஷினை நிறுத்தவே இல்லை. மிதித்துக்கொண்டே சொன்னார்: "ஊசி போடக் கத்துக்கிட்டு வருவான்னு பாத்தேன். மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. எனக்கு மக இல்ல. அந்த மைதானத்துப் பக்கம் என் காலு மிதிக்காது." நூல் அறுந்தது. அவர் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார், மூன்று தடவையும் தவறியது. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

ஆனி மாதம். திண்டுக்கல் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தில் துண்டு போட்டு இடம் பிடித்தால் துண்டு கரூர் போய்ச் சேரும். பாய் விரித்தால் பாயும் போகும். மதினி யோசித்தார். "குடத்த வச்சிருவோம். எவளும் தொட மாட்டா." தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் வாங்கி, இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போய், மேடைக்கு எதிரே மணலில் வரிசையாக வைத்தோம். முன்வரிசையின் நடுவில், மதினி தன் குடத்துக்குப் பக்கத்தில் அந்த அரைச் செங்கல்லை வைத்தார். மேடையிலிருந்து கீழே பார்த்தால் முதலில் கண்ணில் படும் இடம். அப்பாடா என்று வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன்.

மத்தியானம் சாய்ந்த நேரம். தெருவில் திடுதிடுவென்று சத்தம். "ஏ, மைதானத்துல தண்ணி லாரி வருதாம்! இப்பயே அம்புட்டுப் பேரு குடத்த வச்சிட்டாக!" பெண்கள் இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடங்களோடு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் குடங்களை வைத்தவளே நான். ஆனாலும் தண்ணி லாரி என்று காதில் விழுந்ததும், மிச்சமிருந்த ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு நானும் ஓடினேன். எங்கள் குடங்களைப் பார்த்துத்தான் லாரிக் கதையே கிளம்பியிருக்கிறது என்பது மைதான வாசலுக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

பார்த்தால், நாங்கள் வைத்த குடங்களுக்குப் பின்னால் ஊரே குடம் வைத்திருந்தது. பித்தளைக் குடம், செம்புக் குடம், மண்குடம், தகர டின். வரிசை மணலைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போய் வளைந்து நின்றது. குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருந்தது, பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நடுவில் மதினி நின்றுகொண்டிருந்தார். தன் கல்லையும் அந்த வரிசையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதினி, லாரி எத்தன மணிக்கு?"

"ஒங்க கல்லப் பாத்துட்டுத்தான் மதினி நம்பி வந்தோம்!"

அதுதான் விஷயம். வேறு யார் கல்லாக இருந்தாலும் இவ்வளவு கூட்டம் வந்திருக்காது. தண்ணீர் வராவிட்டால் நாளைக்கு அந்தக் கல்லை எவள் மதிப்பாள்?

விழாக் கமிட்டிச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். நத்தம் ரோட்டில் தென்னந்தோப்பும் வற்றாத கிணறும் உள்ள மனிதர். "ஏம்மா, இது கச்சேரியா, குழாயடியா? மெட்ராஸ்காரன் பாத்தா காறித் துப்புவான்! ஏலே, எல்லாக் குடத்தையும் தூக்கி வெளிய எறிங்கடா!"

"குடத்துல கை வைக்காதீக அண்ணாச்சி" என்றார் மதினி. குரல் ஏறவே இல்லை. "இம்புட்டுப் பொம்பளைகளும் ஒண்ணாக் கெளம்புனா ஒங்களால தாங்க முடியாது. நான் சொல்றதக் கேளுங்க. ஒங்க தோப்புல கிணறு இருக்கு, லாரி இருக்கு, பீப்பாய் இருக்கு. ஒரு நடை அடிச்சி விடுங்க. ஒருத்தி வாயத் தொறக்க மாட்டா. ஒங்க கச்சேரியும் நிறைஞ்ச சபையா இருக்கும்."

செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார், காலியாகக் கிடந்த நாற்காலிகளைப் பார்த்தார். மேடையேறி மைக்கைப் பிடித்தார். "தாய்மார்களே, கச்சேரி முடியும்போது தண்ணி லாரி வந்துரும். குடத்து வரிசைப்படி அப்படியே உக்காருங்க." அன்று விழுந்த கைதட்டல்களில் பெரிய கைதட்டல் அதற்குத்தான்.

எல்லோரும் அவரவர் குடத்துக்குப் பின்னால் உட்காரத் தொடங்கியபோது மதினி என் தோளை இறுகப் பிடித்தார். "அங்க பாரு புள்ள." ரோட்டில், வரிசையின் கடைக்கோடியில், மிஷின்காரம்மா. கையில் குடம். மைதானத்தில் கால் மிதிக்காது என்று சொன்னவரைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

மதினி விறுவிறுவென்று நடந்துபோய் அவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்தார். கூட்டம் கொதித்தது. "அதெப்புடி மதினி? பெத்த மக வந்தாலும் நடுவுல விட மாட்டீக, இவுகள மட்டும் விடுறீக?"

"நடுவுல விடல. காலையில இருந்து இவுக இடம் இங்கதான் இருக்கு. கல்லப் பாத்துக்க."

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். பிறகு மேடையை, பிறகு அந்த அம்மாவை.

"நான் தண்ணிக்குத்தான் வந்தேன்" என்றார் அவர்.

"தண்ணிக்குத்தான். யாரு இல்லேன்னா? உக்காருங்க."

உட்கார்ந்தார். ஆனால் மேடைக்கு முதுகைக் காட்டி, லாரி வரப்போகும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் காலடியில் கிடந்த செங்கல்லை எடுக்கப் போனேன். மதினி என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆளு வந்தாச்சே மதினி!"

"இன்னும் வரல. கெடக்கட்டும்."

ஆறு மணி. விளக்குகள் எரிந்தன. வெள்ளைக் கோட்டுப் போட்டு வரிசையாக வந்து நின்றார்கள் பாருங்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அவர்களில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் அக்கார்டியனை விரித்தார். ஒயர் வைத்த கிடாரை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். பாங்கோஸ் மேளக்காரர் தட்டிய முதல் தட்டில் என் மடியிலிருந்த காலிக் குடம் அதிர்ந்தது. ஆமாம், நிஜமாகவே. ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் குடத்துக்குள் போய் ஒரு ரீங்காரம் கிளம்பி வயிற்றில் ஏறியது. பக்கத்திலிருந்தவள், "ஏ, என் குடம் பாடுதுடீ!" என்று கத்தினாள். மைதானம் முழுக்கப் பெண்கள் குடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கேட்டோம். ரேடியோவில் ஓராயிரம் தடவை கேட்ட பாட்டு, அந்த ஆட்களே என் கண் முன்னால், என் குடத்துக்குள்! சிரித்தேன், அழுதேன், தாளம் போட்டேன். மதினி பித்தளைக் குடத்தில் மோதிர விரலால் தட்டித் தட்டி, நான் அதுவரை பார்த்திராத சின்னப் பெண்ணாக ஆகிவிட்டார்.

வெளிச்சம் குறையத் தொடங்கிய நேரம் ஸ்டெல்லா வந்தாள். நீலச் சேலை. மைக்கருகே நின்று கீழே பார்த்தாள். முன்வரிசையில் ஒரு முதுகைப் பார்த்தாள். கையால் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பாடினாள். மெதுவான பாட்டு. வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, குரல் மட்டும் வந்தது. மிஷின்காரம்மா திரும்பவில்லை. ஆனால் மடியிலிருந்த குடம் அவரை விடவில்லை. மகள் குரல் அதற்குள் இறங்கி அவர் மடியில் முனகியது. சட்டென்று உள்ளங்கையால் குடத்தின் வாயை மூடினார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். எடுத்துவிட்டுக் குனிந்து, குடத்தின் கழுத்தில் காதை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்தா லாரி வர வேண்டும்? தோப்புக்காரச் செயலாளர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டார். ஹாரன் சத்தம் கேட்டதுதான் தாமதம், இடப்பக்கம் முழுவதும் எழுந்தது. குடங்கள் ஒன்றோடொன்று மோத, பெண்கள் ரோட்டுப் பக்கம் ஓடினார்கள். மேடையில் கறுப்புக் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கடல் கடந்த ஊர்களில்கூட இப்படி ஒரு கூட்டம் கலைந்து அவர் பார்த்திருக்க மாட்டார். ஸ்டெல்லா மட்டும் நிறுத்தவில்லை. அவள் இந்த ஊர்க்காரி. ஹாரன் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும்.

ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த மிஷின்காரம்மாதான் லாரியை முதலில் பார்த்திருக்க வேண்டும். தண்ணிக்குத்தான் வந்தேன் என்று ஊரறியச் சொன்னவர். அவர் எழுந்திருக்கவில்லை.

மதினி குனிந்து அவர் மடியிலிருந்து குடத்தை மெல்ல எடுத்தார். "நீங்க உக்காருங்க. ஒங்க இடத்த நான் பாத்துக்கிறேன்." அந்தக் குழுவுக்காக என்னைவிடத் தவித்தவர், அந்தப் பாட்டை அப்படியே விட்டுவிட்டு இரண்டு குடங்களோடு ஓடினார். நானும் ஓடினேன். லாரியடியில் ஒரே தள்ளுமுள்ளு. அந்த இரைச்சலுக்கு மேல், மைதானம் முழுக்கக் கேட்கும்படி மதினி குரல் கொடுத்தார்: "மொதக் குடம் ஸ்டெல்லாம்மா குடம்! வழி விடுங்கடி, ஸ்டெல்லாம்மா குடம்!"

அந்தப் பேரைக் கேட்டு எத்தனையோ நாளாயிற்று. வழி தானாக விலகியது.

நான் திரும்பிப் பார்த்தேன். தரைப் பக்கம் மணல் மட்டும்தான் மிச்சம். அதன் நடுவில் ஓர் அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தார். மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லா அவர் ஒருவருக்காகவே கடைசி வரியைப் பாடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் நிறைகுடத்தோடு வந்து சேர்ந்தபோது பாட்டு முடிந்து ஸ்டெல்லா பக்கப் படியில் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் வரப் பயம். அம்மா அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். எழுந்து மதினி இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு மகளிடம் போனார். குடத்தைச் சாய்த்தார். ஸ்டெல்லா இரண்டு கையையும் குவித்துக் குனிந்தாள். நீலச் சேலையெல்லாம் நனைய மடமடவென்று குடித்தாள்.

"மெதுவாக் குடி" என்றார் ஸ்டெல்லாம்மா. "பொரை ஏறப் போகுது."

மதினி அப்போதுதான் குனிந்து செங்கல்லை எடுத்து, ஒட்டியிருந்த மணலை முந்தானையில் துடைத்தார்.

"இப்பத்தான் புள்ள ஆளு வந்துருக்கு."